ஒரு பட்ஜெட் அட்டவணையைப் பார்த்துப் பயந்த கதை

2024 மார்ச் 11, திங்கட்கிழமை. அமெரிக்க அதிபரின் பட்ஜெட் கோரிக்கை அன்றுதான் வெளியானது. அதில் நாசாவின் பகுதி மட்டுமே பல நூறு பக்கம். நான் அதை முழுதாகப் படிக்கிற ஆள் கிடையாது. எங்கள் துறையில் யாருமே அப்படிப் படிப்பதில்லை. கோப்பைத் திறந்து, தேடல் பெட்டியில் அவரவர் டெலஸ்கோப்பின் பெயரைத் தட்டி, எண் பழையபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவோம். நானும் 'சந்திரா' என்று தட்டினேன்.

2023-இல் 6.83 கோடி டாலர். 2025-க்குக் கேட்டிருந்தது 4.11 கோடி. சரி, வெட்டுதான், பழகிப்போனது என்று நினைத்துக்கொண்டே வலது பக்கம் நகர்ந்தேன். 2026-இலிருந்து 2.66 கோடி. 2029-இல் 52 லட்சம். ஒரு விண்கலத்தை 52 லட்சம் டாலரில் இயக்க முடியாது. மூடிவிட்டுக் கணக்கு முடிக்கத்தான் முடியும்.

சந்திரா எக்ஸ்-கதிர் டெலஸ்கோப் 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்வெளி ஓடத்தில் போனது. ஐந்து ஆண்டு வேலை செய்தால் போதும் என்று கட்டியது, அந்தத் திங்கட்கிழமை இருபத்தைந்தாவது பிறந்தநாளை நெருங்கிக்கொண்டிருந்தது. பூமியிலிருந்து 1,39,000 கிலோமீட்டர் வரை, அதாவது நிலாவுக்குப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், விலகிப்போய்த் திரும்பும் நீள்வட்டப் பாதை. ஹப்பிளைப் போல ஆள் அனுப்பிப் பழுது பார்க்க வழியே இல்லை. எக்ஸ்-கதிரில் அவ்வளவு கூர்மையாகப் பார்க்கிற கருவி அன்றும் வேறு இல்லை, இன்றும் இல்லை. கேலக்சிக் கொத்துகளுக்கு நடுவே கொதிக்கும் வாயுவை ஆராய்வது என் தொழில். அந்தத் தொழில் இந்தக் கருவியை நம்பித்தான் இருக்கிறது.

அன்று ராத்திரி அம்மா ஊரிலிருந்து பேசினார். செய்தியை எங்கேயோ பார்த்துவிட்டார். "சந்திரசேகர் பேர் வச்ச சேட்டிலைட்டையா மூடப்போறாங்க? நம்ம பிரசிடென்சி காலேஜ்ல படிச்சவராச்சே" என்றார். ஆமாம், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் கப்பலேறிய அதே சுப்பிரமணியன் சந்திரசேகர்தான். பெயருக்காக யாரும் பட்ஜெட் போடுவதில்லை என்று அம்மாவிடம் சொல்ல மனசு வரவில்லை. "இன்னும் முடிவாகலைம்மா" என்றேன். பிறகு யோசித்தால், அந்த வாரம் நான் சொன்னதிலேயே சரியான வாக்கியம் அதுதான். நானே அதை நம்பவில்லை என்பதுதான் பிரச்சினை.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டெலஸ்கோப்பை மூடினால் அழகான படங்கள் வருவது நிற்கும், அவ்வளவுதானே என்று கேட்பார்கள். அப்படியில்லை. அமெரிக்காவில் வானியலாளர்களில் ஏராளமானோர் 'சாஃப்ட் மணி' ஆட்கள். நிறுவனம் மேசையும் நாற்காலியும் கொடுக்கும். சம்பளத்தை நாமே புரபோசல், அதாவது ஆய்வுத் திட்ட விண்ணப்பம், எழுதிக் கொண்டுவர வேண்டும். சந்திராவிலோ ஹப்பிளிலோ ஜேம்ஸ் வெப்பிலோ அவதானிப்பு நேரம் கிடைத்தால், அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அந்தத் தரவை ஆராயச் சிறு மானியமும் கூடவே வரும். முனைவர் பட்டம் முடித்து ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி செய்யும் போஸ்ட்டாக்கின் பாதிச் சம்பளம், மாணவரின் கோடைகாலப் படி, கணினி எல்லாம் அதிலிருந்துதான். அதனால் 'டெலஸ்கோப் இயக்கச் செலவு' என்று அட்டவணையில் ஒற்றை வரியாகத் தெரிவதற்குள் நூற்றுக்கணக்கான வீட்டு வாடகை ஒளிந்திருக்கிறது. என் வாடகையும் உண்டு.

வெட்டுக்கு அந்த ஆவணம் சொன்ன காரணம், விண்கலம் வயதாகி இயக்குவதற்குச் சிக்கலாகிவிட்டது என்பது. பாதி உண்மை. வெளியே சுற்றியிருக்கும் வெப்பத்தடுப்புப் போர்வை கால் நூற்றாண்டு வெயிலில் நைந்துபோய், சில பாகங்கள் சீக்கிரம் சூடாகின்றன. ஒரே திசையில் நெடுநேரம் வைத்திருக்க முடியாது; ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போட வேண்டும். ஒரே மூச்சில் முடிய வேண்டிய அவதானிப்பு நாலைந்து துண்டாக வரும். ஆனால் அதைச் சமாளிக்கும் அட்டவணையைப் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், போட்டுக்கொண்டும் இருந்தார்கள். வண்டி பழசு என்பதற்காக, அதன் நெளிவு சுளிவு தெரிந்த டிரைவரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்ன கணக்கோ.

எங்கள் மாடியில் ஒரு மூத்த சகா இருந்தார். ஓய்வு பெறும் வயது தாண்டியும் வருகிறவர். எல்லோரும் காரிடாரில் நின்று புலம்பிக்கொண்டிருக்க, அவர் மட்டும் தன் அறையில் நிதானமாக எதையோ படித்துக்கொண்டிருந்தார். நான் போய் உட்கார்ந்ததும் 2004-இலிருந்து ஆரம்பித்தார்.

அந்த ஜனவரி 14 அன்று அதிபர் புஷ், மறுபடி நிலாவுக்கும் அப்புறம் செவ்வாய்க்கும் மனிதர்களை அனுப்பும் திட்டத்தை அறிவித்தார். இரண்டே நாளில், ஹப்பிளுக்குப் போகவிருந்த கடைசிப் பழுதுபார்ப்புப் பயணம் ரத்து என்று நாசா தலைவர் ஷான் ஓகீஃப் சொன்னார். முந்தைய ஆண்டு கொலம்பியா ஓடம் திரும்பி வரும்போது உடைந்து சிதறியிருந்ததால் பாதுகாப்புதான் காரணம் என்றார். வானியலாளர்கள் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2006 அக்டோபர் கடைசியில் அடுத்த தலைவர் மைக்கேல் கிரிஃபின் அந்தப் பயணத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். 2009 மே மாதம் அட்லாண்டிஸ் போய்ச் சரிசெய்தது. ஹப்பிள் இன்னும் ஓடுகிறது.

2006 இன்னும் மோசம். விண்வெளி ஓடத்துக்கும் விண்வெளி நிலையத்துக்கும் பணம் போதாமல், அறிவியலுக்கு ஐந்து ஆண்டுகளில் வரவிருந்த தொகையிலிருந்து சுமார் 300 கோடி டாலர் கழிக்கப்பட்டது. அந்தப் பிப்ரவரியில் நூஸ்டார் என்ற எக்ஸ்-கதிர் டெலஸ்கோப்பை நிறுத்தினார்கள். மார்ச் 2-ஆம் தேதி டான் விண்கலத்தை ரத்து செய்தார்கள்; மார்ச் 27-ஆம் தேதி 'ரத்து ரத்து' என்றார்கள். இருபத்தைந்து நாள். அந்த டான் பின்னால் சிறுகோள் பட்டையில் உள்ள வெஸ்டாவையும் சீரீஸையும் சுற்றி வந்தது. நூஸ்டார் 2007-இல் உயிர் பெற்று 2012 ஜூனில் பறந்தது. என் கட்டுரைகளில் பாதி நூஸ்டார் தரவில் எழுதியவை. அது ஒரு முறை செத்துப் பிழைத்த கருவி என்பது எனக்கு அதுவரை தெரியாது. வெட்கமாக இருந்தது.

"அப்படியென்றால் இதுவும் திரும்பி வந்துவிடும், இல்லையா?" என்று கேட்டேன்.

"திரும்பி வந்ததைத்தான் நீ இப்போது பார்க்கிறாய்" என்றார் அவர். 2006-இல் தள்ளிப்போட்ட, வேற்று உலகங்களைத் தேடும் இரண்டு பெரிய திட்டங்கள் திரும்பவே இல்லை. அதே ஆண்டு ஆராய்ச்சி மானியங்களில் சுமார் 15 சதவீதம் குறைத்தார்கள். அந்த 15 சதவீதத்துக்காக யாரும் ஊர்வலம் போகவில்லை, பத்திரிகை அட்டையில் அது வரவில்லை. தன்னோடு இருந்த போஸ்ட்டாக்குகளில் இரண்டு பேர் அந்த ஆண்டு துறையை விட்டே போனார்கள் என்றார். பெயர்களைச் சொன்னார். எனக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. எப்படித் தெரிந்திருக்கும்?

அவரிடம் நான் உருப்படியாகக் கற்றது அட்டவணையைப் படிக்கும் முறை. அதிபரின் கோரிக்கை ஒரு விருப்பப் பட்டியல். பணம் ஒதுக்குவது காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். அங்கே இரண்டு அவைகளும் தனித்தனியாக மசோதா போட்டு, பிறகு பேசி ஒன்றாக்கி, கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கினாலும் அதற்குள் முடிப்பது அபூர்வம். அதுவரை பழைய அளவிலேயே ஓட்டத் தற்காலிகத் தீர்மானம் போடுவார்கள். ஆகவே மார்ச்சில் பார்க்கும் எண், கைக்கு வரும்போது எத்தனையோ கை மாறியிருக்கும். அதே சமயம், வலது ஓரத்தில் இருக்கும் பின்னாள் ஆண்டுகளைப் பார்க்காமல் விடக்கூடாது. அவை யாரையும் கட்டுப்படுத்தாத உத்தேச எண்கள்தான். ஆனால் எழுதியவர் மனதில் என்ன இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். முதல் ஆண்டு எண்ணைக் கண்ணில் படும்படி பதமாக வைப்பார்கள். கத்தி நாலாவது ஆண்டில் இருக்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு வந்தும், அந்த மாதம் நான் செய்தவை முட்டாள்தனமானவை.

சந்திராவுக்கான வருடாந்திரப் புரபோசல் கெடு அதே மார்ச்சில்தான் வரும். மூன்று புரபோசல் எழுதத் திட்டமிட்டிருந்தேன். மூடப்போகிற கடைக்கு எதற்கு ஆர்டர் என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். நான் மட்டும் அப்படிச் செய்திருந்தால் பரவாயில்லை. காரிடாரில் பேசிய இன்னும் சிலரும் அதையே செய்தார்கள். ஒரு டெலஸ்கோப்பைக் காப்பாற்றும் முதல் வாதமே, இருக்கிற நேரத்தைப்போல் எத்தனை மடங்கு கேட்கிறார்கள் என்ற எண்தான். ஜேம்ஸ் வெப்பின் நாலாவது சுற்றுக்கு 2,377 புரபோசல்கள் வந்து, இருக்கும் நேரத்தைப்போல் ஒன்பது மடங்கு கேட்டார்கள் என்பதை எந்த அலுவலகத்திலும் ஒரே மூச்சில் சொல்லிப் புரியவைக்கலாம். பயந்து நாம் கேட்பதைக் குறைத்தால், 'கேட்பாரில்லை, மூடலாம்' என்று எழுதுவதற்கு நாமே காகிதம் எடுத்துக் கொடுக்கிறோம். இப்போது வெட்டுச் செய்தி வரும் ஆண்டில் வழக்கத்தைவிட ஒன்று கூடுதலாக அனுப்புகிறேன்.

இரண்டாவதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் முனைவர் பட்டப் படிப்புக்கு அந்த ஆண்டு ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இடம் கிடைத்திருந்தது. என்னோடு வேலை செய்ய விரும்பி, மூன்று மாதமாக மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தாள். என் பழைய கட்டுரை ஒன்றில் பிழை கண்டுபிடித்து, "மேம், தப்பா நினைக்காதீங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னவள். ஏப்ரல் 15-க்குள் இடம் கிடைத்தவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். நான் அவளை அழைத்து, எனக்குப் பணம் நிச்சயமில்லை, வேறு இடம் பார்ப்பது நல்லது என்றேன். நேர்மையாக நடந்துகொண்டதாக எனக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. அவள் "சரிங்க மேம், புரியுது" என்று மட்டும் சொன்னாள். ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதும் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

உண்மையில் என்னிடம் என்ன இருந்தது? ஒரு மானியத்தில் பதினாறு மாதம் மீதி. இன்னொன்றில் முதல் ஆண்டே தொடங்கவில்லை. துறையில் முதல் இரண்டு ஆண்டும் வகுப்பு உதவியாளராக அவளுக்குச் சம்பளம் கிடைத்திருக்கும். உட்கார்ந்து கூட்டியிருந்தால் மூன்று ஆண்டுக்குக் கணக்கு வந்திருக்கும். நான் கூட்டவே இல்லை. 52 லட்சம் என்ற அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்துவிட்டேன். அந்த வெட்டும் நடக்கவில்லை: 2025 நிதியாண்டு முழுவதும் காங்கிரஸ் அந்தத் தற்காலிகத் தீர்மானத்திலேயே ஏறக்குறைய பழைய அளவிலேயே நாசாவை ஓட்டியது. சந்திரா சுற்றிக்கொண்டிருக்கிறது. அவள் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்தப் பட்ஜெட் செய்தி வந்தாலும், யாரிடமும் வாய் திறப்பதற்கு முன்னால், கையில் இருப்பதை ஒரு தாளில் எழுதுவேன். கையெழுத்தாகி வந்த பணம், வரும் என்று எழுத்தில் உள்ள பணம், வெறும் நம்பிக்கை என்று மூன்று வரிசை. பத்து நிமிட வேலை.

அடுத்த ஆண்டு வந்தது நிஜமான இடி. 2025 மே மாதம் வெளியான கோரிக்கையில் நாசாவின் மொத்தம் சுமார் 2,480 கோடி டாலரிலிருந்து 1,880 கோடிக்கு இறங்கியது. அறிவியல் 730 கோடியிலிருந்து 390 கோடிக்கு. வானியற்பியல் மட்டும் சுமார் 150 கோடியிலிருந்து 52 கோடிக்கு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு காலி. வியாழனைச் சுற்றும் ஜூனோ, புளூட்டோவைத் தாண்டிப் போன நியூ ஹொரைசன்ஸ் உட்பட, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பலவற்றையும் சேர்த்து 40-க்கும் மேற்பட்ட திட்டங்களை நிறுத்தச் சொன்னது. மனிதர்களை அனுப்பும் பகுதிக்கு மட்டும் தொகை கூடியது. அந்தக் கோடையில் நாசாவிலிருந்து விருப்ப விலகலில் வெளியேறியவர்கள் ஏறக்குறைய 3,900 பேர், ஊழியர்களில் ஐந்தில் ஒருவர்.

பணத்தைப் பல கூடையில் வைத்துக்கொள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் ஒரு பங்கை, ஆராய்ச்சிக்குப் பணம் தரும் இன்னொரு அரசு அமைப்பான நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷனிடம் வைத்திருந்தேன். அதே மாதம் அதன் பட்ஜெட்டையும் பாதிக்கும் மேல் வெட்டச் சொன்னார்கள். கூடை பலதான், எல்லாவற்றையும் தூக்கிப் போவது ஒரே கை. அதனால் அந்த அறிவுரையை நான் அவ்வளவாகச் சொல்வதில்லை. வகுப்பு எடுக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அது வேறு பையிலிருந்து வரும் பணம். சம்பளத்தில் கால்வாசிதான், ஆனால் தூக்கம் வந்தது. என் போஸ்ட்டாக் இந்தியக் குடிமகன், எச்-1பி விசாவில் இருப்பவர். வேலை போனால் அறுபது நாள்தான் அவகாசம். குடியுரிமை உள்ள சகாக்கள் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் அதே பட்ஜெட், அவருக்குப் பெட்டி கட்டும் தேதி. கூட்டத்தில் எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோம் என்று ஒருவர் பேசியபோது அவர் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. அவருடைய ஒப்பந்தத்தைத்தான் அந்தக் கோடையில் முதலில் புதுப்பித்தேன், மற்றதெல்லாம் பிறகு.

சிக்கனம் பற்றியும் ஒன்று. பயத்தில் நான் மானியப் பணத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தேன். நம் வீட்டு வளர்ப்பு அப்படி. ஆனால் அரசு மானியம் அப்படி வேலை செய்வதில்லை. ஆண்டுத் தவணையாக வருவது. முந்தைய தவணை செலவாகாமல் கிடந்தால் அடுத்தது தேவையில்லை என்று அர்த்தமாகிவிடும். என் அடுத்த தவணை அந்தக் காரணத்துக்காகவே தள்ளிப்போனது. தள்ளிப்போனது நேரே, பட்ஜெட் நிறைவேறாமல் 2025 அக்டோபர் 1-இல் தொடங்கிய அரசு முடக்கத்தில் போய் மாட்டிக்கொண்டது. நாற்பத்து மூன்று நாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேலைக்கு வரவே அனுமதியில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். புரபோசலில் எழுதிய வேகத்தில் செலவழித்திருந்தால் எனக்கு இந்த அவதியே இல்லை.

அந்தக் கோடையில் வாஷிங்டனுக்கு, காங்கிரஸ் அலுவலகங்களுக்கு, சிலர் சேர்ந்து போனோம். மானியப் பணத்தில் போகக்கூடாது, சட்டப்படி தப்பு. விடுப்பு எடுத்து, சொந்தக் காசில், தனிமனிதராகத்தான் போக வேண்டும். உறுப்பினரைப் பார்ப்போம் என்று கோட்டு மாட்டிக்கொண்டு போனால், வந்து உட்கார்ந்தது இருபத்தைந்து வயசுகூட இருக்காத ஒரு உதவியாளர். கைகுலுக்கல் போகப் பதினைந்து நிமிடம். நான் எட்டு நிமிடம் கேலக்சிக் கொத்து வாயு ஏன் குளிர மறுக்கிறது என்று விளக்கினேன். அந்தப் பையன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேருக்கு இதில் வேலை?" என்றான். எனக்குத் தெரியவில்லை.

அடுத்த அறைக்குள் போவதற்குள் கழிவறைப் பக்கம் நின்று போனில் தேடி, அந்த மாவட்டத்துக் கல்லூரி எது, அதில் எங்கள் துறை ஆட்கள் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டேன். அந்தச் சந்திப்பு நன்றாகவே போனது. அவர்கள் உண்மையில் கேட்பது இரண்டே விஷயம்: எந்த வரியில், எவ்வளவு. 'அறிவியலை ஆதரியுங்கள்' என்றால் தலையாட்டுவார்கள். 'ஒதுக்கீட்டுக் குழுவின் அறிக்கையில் இந்தத் திட்டத்தின் பெயரும் இந்தத் தொகையும் வர வேண்டும்' என்றால் குறித்துக்கொள்வார்கள். அறிக்கையில் வரும் அந்த ஒரு வரிதான் பின்னால் யாரும் பணத்தை வேறு பக்கம் நகர்த்தாமல் பிடித்து நிறுத்துவது. கருந்துளைப் படமும் காட்டலாம், தப்பில்லை. கடைசி நிமிடத்தில்.

ஒரு இடத்தில் கெடுத்தும் விட்டோம். எங்களில் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு, நிலாவுக்கு மனிதர்களை அனுப்பும் ஆர்ட்டெமிஸ் திட்டம் எஸ்.எல்.எஸ் ராக்கெட்டில் ஒரு முறை பறக்க 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தணிக்கையாளரே கணக்கிட்டிருக்கிறார், அதில் ஒரு தடவையை நிறுத்தினால் சந்திராவை அரை நூற்றாண்டு ஓட்டலாமே என்றார். கணக்கு சரிதான். ஆனால் அந்த உறுப்பினரின் தொகுதியில் ராக்கெட் பாகம் செய்யும் ஆலை இருந்தது. அறை உறைந்துபோனது. என் அபிப்பிராயம், நிலாவுக்கு மனிதன் போவதை எதிர்த்துப் பேசி வானியலாளர்கள் இதுவரை ஒரு டாலரும் சம்பாதித்ததில்லை. 1993-இல் டெக்சஸில் ஓரளவு தோண்டியிருந்த பிரமாண்டத் துகள்முடுக்கியை, சுமார் 200 கோடி டாலர் செலவான பிறகு காங்கிரஸ் நிறுத்தியது. அதை எதிர்த்த இயற்பியலாளர்களும் இருந்தார்கள். மிச்சமான பணம் அவர்கள் ஆய்வுகளுக்கு வந்து சேரவில்லை. அடுத்த வீட்டுக் கிணறு வற்றினால் நம் கிணற்றில் நீர் ஊறாது.

நம் வீட்டிலும் குற்றம் இல்லாமலில்லை. ஜேம்ஸ் வெப்புக்கு ஆரம்பத்தில் சொன்ன விலை நூறு கோடி டாலர் அளவு, முடிந்தபோது சுமார் ஆயிரம் கோடி. 2011-இல் பிரதிநிதிகள் சபையின் குழு அதை நிறுத்தவே மசோதா எழுதியது. இன்று வெப் அனுப்புவதைப் பார்த்துவிட்டு யாரும் அந்த நாட்களைப் பேசுவதில்லை. ஆனால் அதற்கு இடம் விட்டு மெலிந்த சிறிய திட்டங்களை நான் அறிவேன். விமானத்தில் பறந்த சோஃபியா டெலஸ்கோப்பை 2022-இல் நிறுத்தியபோது, மூடச்சொல்லிப் பரிந்துரைத்தது வானியலாளர்களே பத்தாண்டுக்கு ஒரு முறை கூடி எழுதும் முன்னுரிமை அறிக்கைதான். விளைவு கசப்பு. என்றாலும் அந்த வழி எனக்குச் சம்மதம்: எதை விடுவது என்று துறை தானே கூடிப் பேசி, காரணம் எழுதி, கையெழுத்துப் போட்டு விடுகிறது. சந்திராவின் வரியை அப்படி யாரும் பேசி எழுதவில்லை. நாசாவின் 2022 மறுஆய்வில் ஹப்பிளோடு முதல் தரத்தில் வைத்த கருவி அது.

பணத்தைவிட எனக்கு இப்போது கவலை தருவது, தெரிந்தவர்கள் போய்விடுவது. 1999-இல் சந்திரா மேலே போன முதல் வாரங்களில், பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டையைக் கடக்கும்போது புரோட்டான்கள் டெலஸ்கோப்பின் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்து உள்ளே வந்து கேமராச் சில்லுகளைக் கெடுத்தன. காரணம் கண்டுபிடித்து, ஒவ்வொரு முறை பட்டையைக் கடக்கும்போதும் கேமராவைக் குவியத்திலிருந்து நகர்த்தி வைக்க ஆரம்பித்தார்கள். கேமராவின் வடிகட்டியில் ஆண்டுக்காண்டு படியும் அழுக்கை எப்படிக் கழித்துக் கணக்கிடுவது என்று தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களில் ஒருவர் சென்ற ஆண்டு நல்ல சம்பளத்தில் வேறு தொழிலுக்குப் போனார். குறை சொல்ல முடியாது. போகும் முன் இரண்டு மதியம் அவரோடு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அவர் எழுதிய நிரலில் 'இங்கே ஏன் 3 என்று கேட்காதே' என்று ஒரு குறிப்பு இருந்தது. ஏன் என்று கேட்டேன். அவருக்கே மறந்துவிட்டது. உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால், பிரிவு விழாவுக்குக் கேக் வாங்குவதற்கு முன்னால் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

2026 ஜனவரியில் காங்கிரஸ் தன் கணக்கை முடித்தது. அறிவியலுக்குச் சுமார் 725 கோடி டாலர். கோரிக்கையின் பெரிய வெட்டைத் தள்ளிவிட்டார்கள். காரிடாரில் கைதட்டல் இருந்தது. மூத்த சகா எட்டிப் பார்த்து, இதுவரை எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். எண்ணிப் பார்த்தோம். எங்கள் மாடியில் மட்டும் ஐந்து.

இந்த ஆண்டு சேர்க்கையில் மறுபடி ஒரு மாணவி. சேலத்துப் பெண். இந்த முறை முதலில் தாளை எடுத்து மூன்று வரிசை எழுதினேன். அந்த '3' குறிப்புள்ள நிரலையும் சேர்த்து, அதையே அவளுக்கும் அனுப்பினேன்: இரண்டு ஆண்டுக்குப் பணம் கையில் இருக்கிறது, மூன்றாவது எழுத்தில் இருக்கிறது, நாலும் ஐந்தும் நாம் இரண்டு பேரும் புரபோசல் எழுதிக் கொண்டுவர வேண்டியது; நடுவில் எந்த மார்ச்சிலாவது பயங்கரமான எண் ஒன்று வரும், வந்தால் முதலில் என்னிடம் வா. பயந்துவிடுவாளோ என்று அனுப்பிவிட்டு இரண்டு நாள் மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "சரிங்க மேம். நாலாவது வருஷத்தை அப்புறம் பாத்துக்கலாம். அந்த 3 எதுக்குன்னு நான் கண்டுபிடிக்கட்டுமா?"